மழை பொய்த்த ஆண்டுகள்

(வளர்கல்வி மையக் கூட்டம் ஒன்றில் தொண்டர் ஒருவர் ஆற்றிய உரை)



"அந்தக் காலத்தில் மாதம் மும்மாரி பெய்தது. இப்போதுதான் காலம் கெட்டுவிட்டது."

இப்படி நாம் அடிக்கடி பேசிக்கொள்கிறோம். மழை தாமதமானால் பேசுகிறோம். கிணறு வற்றினால் பேசுகிறோம். குடத்தை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போதும் பேசுகிறோம்.

இது உண்மைதானா? அந்தக் காலத்தில் மழை தவறியதே இல்லையா? தவறியது என்றால் எவ்வளவு காலம் தவறியது? அப்போது மக்கள் என்ன ஆனார்கள்? இதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

இது வெறும் பழங்கதை இல்லை. எவ்வளவு நீண்ட வறட்சி வரக்கூடும் என்று தெரிந்தால்தான் எவ்வளவு தண்ணீர் சேர்த்து வைக்க வேண்டும் என்று தெரியும். வறட்சி வந்தால் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்றும் தெரியும்.

பெயர் வைத்த பஞ்சங்கள்

பெரிய துன்பம் வந்தால் மக்கள் அதற்குப் பெயர் வைத்துவிடுவார்கள். எழுத்து தெரியாதவர்களும் பெயரை மறக்க மாட்டார்கள்.

ராஜஸ்தானில் 'சப்பனியா அகால்' என்று ஒரு பஞ்சத்தைச் சொல்வார்கள். 'சப்பன்' என்றால் இந்தியில் 56. அங்கே வழங்கும் விக்கிரம ஆண்டுக் கணக்கில் அது 1956-ஆம் ஆண்டு. நம் காலண்டரில் 1899-1900. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் மனிதர்களோடு மாடுகளும் கூட்டம் கூட்டமாகச் செத்தன.

தமிழ் பேசும் ஊர்களில் 'தாது வருஷப் பஞ்சம்' என்பார்கள். அது 1876-ஆம் ஆண்டில் தொடங்கியது.

அதற்கும் முன்னால் 1791-92-இல் தக்காணத்தில் வந்த பஞ்சத்துக்கு 'மண்டை ஓட்டுப் பஞ்சம்' என்று பெயர். செத்தவர்களை எரிக்கவோ புதைக்கவோ ஆள் இல்லை. மண்டை ஓடுகள் வெளியில் கிடந்தன. அதனால் அந்தப் பெயர்.

இன்னும் பின்னால் போனால் மகாராஷ்டிரப் பகுதியில் 'துர்க்காதேவிப் பஞ்சம்' வருகிறது. 1396-இல் தொடங்கி 12 ஆண்டுகள் நீடித்தது என்று சொல்கிறார்கள்.

ஆக, மழை அந்தக் காலத்திலும் பொய்த்தது. மிக மோசமாகவே பொய்த்தது.

மழைமானி சொல்லும் கணக்கு

பெயர் இருந்தால் போதுமா? மழை எத்தனை மில்லிமீட்டர் குறைந்தது என்று தெரிய வேண்டாமா? அதற்கு மழைமானி வேண்டும்.

இந்திய வானிலைத் துறை 1875-இல் தொடங்கப்பட்டது. நாடு முழுவதற்குமான மழைக் கணக்கு 1871 முதல் நம்மிடம் இருக்கிறது. அதாவது ஏறத்தாழ 150 ஆண்டுக் கணக்கு.

150 ஆண்டு என்பது நமக்குப் பெரிய காலமாகத் தெரிகிறது. ஆறு தலைமுறை இருக்கும். ஆனால் பருவமழைக்கு அது மிகச் சிறிய காலம். பருவமழை பல ஆயிரம் ஆண்டுகளாகப் பெய்து வருகிறது. ஒரு வாரக் கூலியை மட்டும் பார்த்துவிட்டு ஒருவருடைய வாழ்நாள் வருமானத்தைச் சொல்ல முடியுமா? முடியாது அல்லவா? 150 ஆண்டுக் கணக்கும் அப்படித்தான்.

அப்படியானால் அதற்கு முன்பு பெய்த மழையை யார் அளந்தார்கள்? மனிதர் யாரும் அளக்கவில்லை. கல்லும் மரமும் ஏரியும் குறித்து வைத்திருக்கின்றன.

கல் எழுதிய கணக்கு

சுண்ணாம்புப் பாறைக் குகைகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மழைநீர் மேலே மண்ணில் இறங்குகிறது. சுண்ணாம்புப் பாறையைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு போகிறது. குகையின் கூரையிலிருந்து சொட்டுகிறது. சொட்டுகிற இடத்தில் மெல்லிய சுண்ணாம்புப் படிவம் தங்குகிறது. ஒரு படிவத்தின் மேல் மற்றொரு படிவம். இப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் தரையிலிருந்து ஒரு கல் தூண் மேலே வளர்கிறது. அடியில் இருப்பது பழைய மழை. நுனியில் இருப்பது புதிய மழை.

விஞ்ஞானிகள் அந்தக் கல்லை நெடுக்காக அறுக்கிறார்கள். ஒவ்வொரு படிவத்தின் வயதையும் கணக்கிடுகிறார்கள். கல்லில் மிகச் சிறிதளவு யுரேனியம் இருக்கும். அது காலப்போக்கில் தோரியமாக மாறும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்து வயதைச் சொல்லிவிடுகிறார்கள்.

மழையின் அளவு எப்படித் தெரியும்? நீரில் ஆக்சிஜன் இருக்கிறது. அதில் கனமானது, இலேசானது என்று முக்கியமாக இரண்டு வகை உண்டு. பருவமழை வலுவாகப் பெய்தால் இலேசான வகை கூடுகிறது. மழை மெலிந்தால் கனமான வகை கூடுகிறது. அந்த அடையாளம் கல்லில் பதிந்துவிடுகிறது.

சத்தீஸ்கரில் பஸ்தர் பகுதியில் தண்டக் குகை இருக்கிறது. அங்கே எடுத்த கல்லை ஆராய்ந்தார்கள். 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் பருவமழை திரும்பத் திரும்ப மெலிந்திருந்தது தெரிந்தது. ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு அல்ல. சில சமயம் பத்து ஆண்டுகளுக்கும் மேல். துர்க்காதேவிப் பஞ்சம் வந்தது அந்தக் காலத்தில்தான். மக்கள் வாய்மொழியாகச் சொன்னதும் கல்லில் பதிந்ததும் ஒத்துப்போகின்றன.

மேகாலயாவில் சிரபுஞ்சிக்குப் பக்கத்தில் மாவ்ம்ளூ என்று ஒரு குகை. மேகாலயா என்றால் மேகங்களின் வீடு. உலகிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. அங்கே எடுத்த கல் என்ன சொன்னது தெரியுமா? சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பு மழை குறைந்துவிட்டது என்று சொன்னது. மேகங்களின் வீட்டிலேயே மழை குறைந்தது. உலகின் வேறு பல நாடுகளிலும் அதே காலத்து வறட்சியின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அதனால் அப்போது தொடங்கி இன்று வரை உள்ள காலத்துக்கு 'மேகாலயக் காலம்' என்று 2018-இல் உலக நிலவியல் அறிஞர்கள் பெயர் வைத்தார்கள்.

மரமும் ஏரியும்

வெட்டிய மரத்தின் அடிப்பகுதியைப் பார்த்திருப்பீர்கள். வளையம் வளையமாக இருக்கும். தேக்கு போன்ற மரங்களில் ஆண்டுக்கு ஒரு வளையம். நல்ல மழை பெய்த ஆண்டில் வளையம் அகலமாக இருக்கும். வறண்ட ஆண்டில் ஒடுங்கியிருக்கும். இதைப் பார்க்க மரத்தை வெட்ட வேண்டியதில்லை. பென்சில் போல ஒரு துண்டைத் துளைத்து எடுத்தால் போதும்.

ஆசியாவில் 300-க்கும் மேற்பட்ட இடங்களில் இப்படி மர வளையங்களை எடுத்தார்கள். சுமார் 700 ஆண்டு வறட்சிக் கணக்கைத் தயாரித்து 2010-இல் வெளியிட்டார்கள். அதில் நான்கு பெரிய வறட்சிகள் தெரிந்தன. 1638 முதல் 1641 வரை ஒன்று. 1756 முதல் 1768 வரை ஒன்று. 1790 முதல் 1796 வரை ஒன்று. கடைசியாக 1876 முதல் 1878 வரை ஒன்று. மண்டை ஓட்டுப் பஞ்சமும் தாது வருஷப் பஞ்சமும் இந்தக் கணக்கில் அப்படியே இருக்கின்றன, பாருங்கள்.

அடுத்தது ஏரி. ஹரியானாவில் கோட்லா தஹர் என்னும் பழைய ஏரிப் படுகை இருக்கிறது. அதன் வண்டலில் நத்தை ஓடுகள் கிடைத்தன. அந்த ஓடுகளிலும் கல்லில் இருந்தது போன்ற அடையாளம் உண்டு. சுமார் 4,100 ஆண்டுகளுக்கு முன்பு பருவமழை திடீரென்று மெலிந்தது என்பதை அந்த நத்தை ஓடுகள் காட்டின.

அந்தக் காலம் சிந்துவெளி மக்களின் காலம். ஹரப்பா, மொகஞ்சதாரோ போன்ற பெரிய நகரங்கள் இருந்த காலம். அதன்பின் சில நூறு ஆண்டுகளில் அந்த நகரங்கள் தேய்ந்தன. மழை குறைந்தது மட்டுமே காரணமா என்று அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். ஆனால் அதுவும் ஒரு காரணம் என்று பலர் ஒப்புக்கொள்கிறார்கள்.

மக்கள் எல்லோரும் அழிந்துவிடவில்லை. கிழக்கேயும் தெற்கேயும் நகர்ந்தார்கள். சிறிய ஊர்களில் வாழ்ந்தார்கள். குறைந்த தண்ணீரில் விளையும் சிறுதானியங்களைக் கூடுதலாகப் பயிரிட்டார்கள்.

குஜராத்தில் கட்ச் பகுதியில் தோலாவீரா என்னும் சிந்துவெளி நகரம் இருக்கிறது. அங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் இரண்டு ஓடைகள்தான். அந்த ஓடைகளைத் தடுத்து நீரைத் திருப்பினார்கள். பாறையைக் குடைந்தும் கல் கட்டியும் பெரிய பெரிய குளங்களை அமைத்தார்கள். நகரத்தின் கணிசமான பகுதி குளமாக இருந்தது. அந்த ஊர் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் நிலைத்தது. 2021-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

மழை ஏன் தவறுகிறது?

1877-இல் நாடு முழுவதும் மழை மிகவும் குறைந்தது. அதே காலத்தில் சீனாவிலும் பிரேசிலிலும் மழை இல்லை. ஒரே சமயத்தில் இத்தனை நாடுகளில் மழை தவறுவானேன்?

கில்பர்ட் வாக்கர் என்பவர் 1904-இல் இந்திய வானிலைத் துறையின் தலைவரானார். அவர் உலகின் பல ஊர்களிலிருந்து கணக்குகளைத் திரட்டினார். பசிபிக் கடல் பக்கம் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது. இங்கே ஏறினால் அங்கே இறங்குகிறது. தராசுத் தட்டுப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் மழைக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று கண்டார்.

பிறகு இன்னும் தெளிவாயிற்று. சில ஆண்டுகளில் பசிபிக் கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிடச் சூடாகின்றன. இதற்கு 'எல் நினோ' என்று பெயர். அப்படிப்பட்ட ஆண்டுகளில் நம் பருவமழை குறைய வாய்ப்பு அதிகம். எல்லா முறையும் குறையும் என்பதில்லை. 1997-இல் பெரிய எல் நினோ வந்தது. ஆனாலும் அந்த ஆண்டு நம் நாட்டில் மழை சரியாகவே பெய்தது.

ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீடிக்கும் மாற்றங்களும் உண்டு. பூமி சூரியனைச் சுற்றும் விதம் மிக மெதுவாக மாறுகிறது. அதனால் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்பு பருவமழை இன்றைவிட வலுவாக இருந்தது. பிறகு சிறிது சிறிதாக மெலிந்தது.

இதுவரை சொன்னதிலிருந்து என்ன தெரிகிறது? மழை என்றும் ஒரே மாதிரி பெய்ததில்லை. நம் தாத்தா பாட்டி பார்த்ததைவிட நீண்ட வறட்சிகள் இந்த மண்ணில் வந்திருக்கின்றன. நாளையும் வரலாம்.

வறட்சி வேறு, பஞ்சம் வேறு

இப்போது மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மழை இல்லாமல் போவது வறட்சி. மனிதர்கள் சோறில்லாமல் சாவது பஞ்சம். இரண்டும் ஒன்றல்ல.

1876-இல் சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத், பம்பாய் மாகாணத்தின் தக்காணப் பகுதிகளில் மழை பொய்த்தது. அப்போது நாட்டில் தானியமே இல்லையா? இருந்தது. பஞ்ச காலத்திலும் கப்பல்களில் கோதுமையும் அரிசியும் வெளிநாட்டுக்குப் போயின. விலை ஏறியது. கூலிக்காரர்களால் வாங்க முடியவில்லை.

1877 ஜனவரி 1-ஆம் தேதி டில்லியில் வைசிராய் லிட்டன் பெரிய தர்பார் நடத்தினார். விக்டோரியா ராணியை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தார். அங்கே விருந்து நடந்தது. தெற்கே மக்கள் பட்டினி கிடந்தார்கள்.

செலவைக் குறைக்க ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரியை அனுப்பினார்கள். நிவாரண வேலையில் ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று அவர் முடிவு செய்தார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். நாள் முழுவதும் கல் உடைப்பவருக்கு அது போதுமா? போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் எதிர்த்தார். சில மாதம் கழித்துத்தான் கூலியை உயர்த்தினார்கள். அதற்குள் ஏராளமானோர் மடிந்துவிட்டார்கள்.

அந்தப் பஞ்சத்தில் 55 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது ஒரு கணக்கு. 80 லட்சத்துக்கும் மேல் என்பது மற்றொரு கணக்கு.

இப்போது இன்னொரு ஆண்டைப் பார்ப்போம். 1972-இல் நாட்டின் பருவமழை சராசரியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. மகாராஷ்டிரத்தில் அதற்கு முன்பே மழை சரியில்லை. பயிர் கருகியது. ஆனால் அங்கே மக்கள் சும்மா இருக்கவில்லை. வேலை கேட்டு ஊர்வலம் போனார்கள். அரசு நிவாரண வேலைகளைத் திறந்தது. குளம் வெட்டினார்கள். சாலை போட்டார்கள். 1973 மே மாதத்தில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் அந்த வேலைகளில் இருந்தார்கள். ஆண்களுக்குச் சமமாகப் பெண்களும் திரண்டு வந்தார்கள்.

கஷ்டம் இருந்தது. அரை வயிற்றோடு படுத்தவர்கள் உண்டு. ஆனால் 1877-இல் நடந்தது போன்ற பெரும் சாவு நடக்கவில்லை. இந்த அனுபவத்திலிருந்து மகாராஷ்டிர அரசு 1977-இல் வேலை உறுதிச் சட்டம் கொண்டுவந்தது. 2005-இல் நாடு முழுவதற்கும் ஊரக வேலை உறுதிச் சட்டம் வர அதுவே முன்மாதிரி ஆயிற்று.

வேறொரு ஆண்டும் உண்டு. 1943-இல் வங்காளத்தில் சுமார் 30 லட்சம் பேர் பஞ்சத்தில் மடிந்தார்கள். அந்த ஆண்டில் அங்கே பெரிய வறட்சி இல்லை. முந்தைய ஆண்டு அடித்த புயல், போர், அரிசி விலை ஏற்றம், பதுக்கல், ஆட்சியாளர்களின் தவறான முடிவுகள் எல்லாம் சேர்ந்து அந்தச் சாவுகளுக்குக் காரணமாயின.

ஒப்பிட்டுப் பாருங்கள். 1972-இல் வறட்சி வந்தது, பெரும் பஞ்சம் வரவில்லை. 1943-இல் வறட்சி இல்லை, பஞ்சம் வந்தது. ஆகவே பஞ்சத்தைத் தலைவிதி என்று சொல்ல முடியுமா? மழை நம் கையில் இல்லை. ஆனால் வேலையும் கூலியும் ரேஷனும் தண்ணீரும் மனிதர் கையில்தான் இருக்கின்றன.

முன்பும் மாறியது, இப்போது மட்டும் ஏன் பயம்?

இங்கே ஒருவர் கேட்கலாம். "தம்பி, பருவம் முன்பும் தானாகவே மாறியது என்று நீயே சொல்கிறாய். அப்புறம் புகையால் பூமி சூடாகிறது என்று ஏன் பயமுறுத்துகிறார்கள்?"

நல்ல கேள்வி. ஏரிக்கரை முன்பு வெள்ளத்தில் தானாக உடைந்தது உண்டு. அதனால் இன்று கரையை யாரும் வெட்டவில்லை என்று ஆகிவிடுமா?

நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரிப்பதால் கரியமில வாயு காற்றில் சேர்கிறது. தொழிற்சாலைகள் வருவதற்கு முன்பு பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. இப்போது 420-க்கும் மேல் போய்விட்டது. பூமியின் சராசரி வெப்பம் ஒரு டிகிரிக்கும் மேல் உயர்ந்துவிட்டது.

சூடான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும். ஒரு டிகிரிக்குச் சுமார் 7 சதவீதம் கூடுதலாகத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. இடையில் பல நாள் பெய்யாமல் காய்கிறது. வெயிலில் மண்ணின் ஈரமும் விரைவில் போய்விடுகிறது. பழைய காலத்து நீண்ட வறட்சி ஒன்று இன்றைய சூட்டோடு சேர்ந்து வந்தால் என்ன ஆகும்? அதை நினைத்துத்தான் இப்போதே ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறோம்.

நாம் செய்யக்கூடியது

1877-இல் நிவாரண முகாமில் கல் உடைத்தவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்கள் பட்ட பாட்டை அதிகாரிகளும் பத்திரிகைக்காரர்களும் எழுதினார்கள். அவர்கள் கையால் எழுதிய ஒரு வரி கிடைப்பது அரிது. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில்கூட இன்று வரை சரியான கணக்கு இல்லை.

நாம் இப்போது எழுதக் கற்றுவிட்டோம். எனவே நம் ஊர் மழையை நாமே எழுதி வைப்போம். இதற்குப் பெரிய கருவி வேண்டாம். அடி தட்டையாகவும் பக்கங்கள் நேராகவும் உள்ள ஒரு பாத்திரம் போதும். மரமும் சுவரும் மறைக்காத இடத்தில் வையுங்கள். தினமும் காலை எட்டரை மணிக்கு அளவுகோலை விட்டுப் பாருங்கள். எத்தனை மில்லிமீட்டர் என்று தேதி போட்டு எழுதுங்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி வையுங்கள்.

ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். உங்கள் வீட்டுக் கூரை 20 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 200 லிட்டர். அதாவது 15 லிட்டர் குடத்தில் 13 குடம். அத்தனையும் தெருவில் ஓடிவிடுகிறது அல்லவா?

மாதம் ஒருமுறை கிணற்றில் கயிறு விட்டு நீர்மட்டத்தையும் குறித்து வையுங்கள். எந்த ஆண்டு எந்தக் கிணறு முதலில் வற்றியது என்று பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். ஏரி கடைசியாக எப்போது தூர் வாரப்பட்டது என்பதையும் எழுதுங்கள். கிராம சபையில் பேசும்போது இந்த நோட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். "தண்ணீர் இல்லை" என்று சொல்வதைவிட, "மூன்று ஆண்டில் கிணறு இத்தனை அடி இறங்கிவிட்டது" என்று சொன்னால் யாரும் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

நிவாரண வேலைக்குப் போனால் வேலை செய்த நாளையும் வாங்கிய கூலியையும் எழுதிக்கொள்ளுங்கள். சட்டத்தின் பெயர் மாறலாம். விதிகள் மாறலாம். நாம் கேட்க வேண்டியது மாறாது. வறட்சிக் காலத்தில் வேலை உண்டா? கூலி உரிய நாளில் வருகிறதா? ரேஷன் கிடைக்கிறதா? குடிநீர் எல்லாத் தெருவுக்கும் சமமாக வருகிறதா?

கலைந்து போவதற்கு முன்பு மூன்று கேள்விகளைப் பேசிவிட்டுப் போவோம். நம் ஊரில் பெரியவர்கள் பெயர் சொல்லி நினைவு வைத்திருக்கும் வறட்சி எது? மூன்று ஆண்டு தொடர்ந்து மழை தவறினால் நம் ஊரில் எந்தத் தண்ணீர் மிஞ்சும்? மழை நோட்டை முதல் மாதம் யார் எழுதுவது?

மூன்றாவது கேள்விக்கு இன்றே ஒரு பெயரைச் சொல்லுங்கள்.